மலைபடுகடாம் கூறும் கூத்தர் பயணம்

மலைபடுகடாம் என்பது சங்க இலக்கியத்தைச் சேர்ந்த பத்துப்பாட்டில் பத்தாவதாக வைக்கப்பட்டுள்ள நூல் ஆகும். இதற்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன் என்பவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இதனைப் பாடினார். ஆசிரியப்பாவால் அமைந்த இந்நூல் 583 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நீளம் உடையது இதுவே. நன்னனின் தலைநகரான செங்கண்மா, திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கி. மீ. தொலைவில் உள்ள இன்றைய செங்கம் எனக் கொள்ளப்படுகிறது.

நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையுடன் எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்தின் தலைவனுக்கு வழி சொல்வதாக நூல் அமைந்துள்ளது. பாதை, உணவு, இசை, அணங்கு பற்றிய அச்சம் ஆகிய நான்கும் இதில் விரிவாக இடம்பெறுகின்றன. பெண்களும் குழந்தைகளும் அடங்கிய ஒரு கூட்டம் மலையைக் கடந்து உயிருடன் ஊர் சேர்வதற்குத் தேவையான அறிவாகவே இவை அனைத்தும் கூறப்படுகின்றன.

பெயர்க் காரணம்

மலையை யானையாகவும், மலையில் எழும் பலவகை ஓசைகளை அந்த யானையின் மதநீராகவும் (கடாம்) உருவகம் செய்வதால் நூல் இப்பெயர் பெற்றது. அருவியில் நீராடும் அரமகளிர் எழுப்பும் ஓசை, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, கரும்பு ஆலையின் ஓசை, புலி தாக்கிய கணவனின் புண் ஆறுவதற்காகக் குறத்தியர் பாடும் பாட்டு முதலியன இந்த ஓசைகளுள் சில.

பயணம் நடக்கும் நிலம்

நூலில் நவிரம் என்னும் மலையும் சேயாறு என்னும் ஆறும் குறிப்பிடப்படுகின்றன. நவிரத்தில் காரியுண்டிக் கடவுள் உறைவதாகக் கூறப்படுகிறது. நஞ்சுண்ட சிவபெருமானையே இப்பெயர் குறிக்கும் என்பர். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள பருவதமலையே நவிரம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சேயாறு இன்று செய்யாறு என வழங்குகிறது. இது சவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியாகச் சென்று பாலாற்றில் கலக்கிறது.

கூட்டமும் இசைக்கருவிகளும்

கூத்தர் தம் கருவிகளைத் தாமே சுமந்து செல்கின்றனர். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, களிற்றுயிர்த்தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை ஆகியவற்றை நூல் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்துகிறது. களிற்றுயிர்த்தூம்பு என்பது யானை பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் நீண்ட ஊதுகருவி ஆகும். பைகளில் இட்டுக் கட்டிய இக்கருவிகள் பலாமரத்தில் தொங்கும் காய்க் கொத்துகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. யாழின் உறுப்புகளும் தனியே விரித்துரைக்கப்படுகின்றன. பழந்தமிழர் இசைக்கருவிகளை ஆராய்வோருக்கு இப்பகுதி முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகும்.

வழியும் இடர்களும்

வழிகூறும் கூத்தன் ஒவ்வோர் இடரையும், அதிலிருந்து தப்பும் முறையையும் சேர்த்தே கூறுகிறான்.

- தினைப்புனங்களைப் பன்றிகளிடமிருந்து காக்க வைத்துள்ள கற்பொறிகள் இருளில் தெரியா. ஆகையால் விடிந்த பின்பே புறப்பட வேண்டும்.
- பாம்புகள் உறையும் இடங்களில் மரத்தில் ஏறிக் கைதட்டிப் பார்த்துவிட்டு, சற்றே விலகிச் செல்ல வேண்டும்.
- யானைகளை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் உயிரையும் போக்கும். மரங்களின் பின்னே மறைந்து செல்ல வேண்டும்.
- காட்டாற்றின் கரைகள் வழுக்கும். மரத்தைச் சுற்றிய கொடிகளைப் பற்றிக்கொண்டு, குழந்தைகளுடன் ஒருவரை ஒருவர் காத்துக் கடக்க வேண்டும்.
- மலையில் இரவு வந்துவிட்டால், சொந்த வீட்டில் நுழைவது போலக் குகைகளில் புகுந்து தங்கலாம்.

வழியில் கிடைக்கும் உணவு

கூத்தர் கையில் பொருள் இல்லை. வழியில் உள்ள மக்கள் தரும் உணவே அவர்களின் பயணத்தை இயலச் செய்கிறது. நிலம் மாறும்போது உணவும் மாறுகிறது.

மலைச்சாரல் சிற்றூர்களில் வாயிலில் தயங்கி நிற்காமல், தம் வீடு போலவே உள்ளே செல்லலாம். அங்கே நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். இன்னும் உயரத்தில் உள்ள குறவர் குடிகளில் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளும், கடமான், முள்ளம்பன்றி ஆகியவற்றின் இறைச்சியும் தருவர். பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் சேர்ந்த உலையில் மூங்கிலரிசி இட்டுச் சமைத்த சோறு இம்மலைக்கே உரியது.

முல்லை நிலத்தில் ஆயர் பால் தருவர். ஆட்டிடையரிடம் இரவில் சென்றால் பாலும் மிதவையும் கிடைக்கும். தோலால் ஆகிய படுக்கையில், எரியும் தீயைத் துணையாகக் கொண்டு உறங்கலாம். புல் வேய்ந்த குடிசைகளில் மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லரிசியும் அவரை விதையும் கலந்த புளிங்கூழ் தருவர். மருத நிலத்தை அடைந்ததும் முள் நீக்கிய மீனும் வெண்சோறும் கிடைக்கும். அது நன்னனே உண்ணத் தக்கது என்று கூத்தன் புகழ்கிறான். இவ்வாறு ஆற்றுநீர் பாயும் வயல்களுக்கு வந்த பிறகே அரிசிச் சோறு முதன்மை பெறுவதைக் காணலாம்.

அணங்கு பற்றிய எச்சரிக்கைகள்

மலையில் உறையும் தெய்வப் பெண்களை வரையரமகளிர் என்று நூல் குறிப்பிடுகிறது. குவளை மலரைத் தொட்டாலும், இம்மகளிர் இருக்கும் இடத்தைக் கண்டாலும் உயிர் போவது போல நடுக்கம் உண்டாகும் என்று கூத்தன் எச்சரிக்கிறான். இந்த எச்சரிக்கை குறவர் விருந்தை விவரித்த உடனே வருகிறது. விருந்தில் மயங்கிப் பலநாள் தங்கிவிடாமல் சமவெளிக்குச் செல்லுங்கள் என்பதே அதன் முடிவு.

வேறோர் இடத்தில், கடவுள் உறையும் இடங்களைக் கண்டால் வணங்கிச் செல்ல வேண்டும் என்றும், வீணே கருவிகளை இசைக்கக் கூடாது என்றும் கூறுகிறான். அது மழை மிகுதியாகப் பெய்யும் மலை என்பதும் உடன் சொல்லப்படுகிறது. தோற்கருவிகள் மழையில் நனைந்தால் கூத்தருக்குப் பிழைப்பே இல்லை என்பது இங்கு எண்ணத்தக்கது. சூர் உறையும் பக்கமலையில் தேனடையைக் கண்டாலும் திடீரென நிமிர்ந்து நோக்கக் கூடாது என்பது மற்றோர் எச்சரிக்கை. அவ்வாறு நோக்கினால் வரிசையாகச் செல்வோர் வழி தவறிவிடுவர் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம்.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றி எழுதிய பௌசானியாசு, மராத்தான் போர்க்களத்தில் இரவுதோறும் குதிரைகள் கனைக்கும் ஒலியும் வீரர்கள் போரிடும் ஒலியும் கேட்பதாகப் பதிவு செய்துள்ளார். அங்கே பேய்க்கதை ஓர் இடத்தின் நினைவாக உள்ளது. மலைபடுகடாமில் அது நடந்து செல்வோருக்கான அறிவுரையாக அமைகிறது.

நடுகற்களும் வழிக்குறிகளும்

போரில் இறந்த வீரர்களுக்குப் பெயர் பொறித்து நட்ட கற்கள் கிளைவழிகளில் மிகுதியாக உள்ளன என்று நூல் கூறுகிறது. கூத்தர் அவற்றின் முன் யாழ் இசைத்து வழிபட்டுச் செல்ல வேண்டும். மரா மரத்தடியில், செல்லும் ஊரின் பெயரை அறியும்படி எழுத்துகள் வெட்டிய கற்களும் இருந்தன. இவையே அல்லாமல், வழிகள் பிரியும் இடங்களைத் துடைத்துத் தெளிவாக்கி, பின்னால் வரும் புதியவர்கள் அறியும்படி புல்லை முடிந்து வைக்க வேண்டும் என்றும் கூத்தன் சொல்கிறான். வழி கேட்டு வந்தவர் வழி காட்டுபவராகவும் ஆகவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

செங்கம் பகுதியில் பிற்காலத்தைச் சேர்ந்த நடுகற்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உடைய இவை குறித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972 இல் செங்கம் நடுகற்கள் என்னும் நூலை வெளியிட்டது. எடுத்தனூரில் உள்ள, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், இறந்த வீரனுடன் கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன.

பதிப்பும் இன்றைய நிலையும்

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ. வே. சாமிநாதையர் 1889 இல் பதிப்பித்தார். அதன் வழியாகவே மலைபடுகடாம் அச்சில் பரவலாக அறிமுகம் ஆனது. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கி. மீ. நடக்கும் கிரிவலத்துக்கு இன்று பெருந்திரளான மக்கள் வருகின்றனர். நன்னனின் மலைவழி அவ்வளவாக அறியப்படவில்லை. ஆயினும் நடுகல் வழிபாடு இம்மாவட்டத்தில் மறையவில்லை. சிற்றூர்களில் நடுகற்கள் சில, வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வணங்கப்பட்டு வருகின்றன.