குடல் சொல்லும், கணையம் கேட்கும்

வடசென்னை எர்ணாவூர் மீனவர் வீடுகளில் மதியச் சாப்பாடு என்றால் சோறும் மீன்குழம்பும்தான். சாப்பிடுபவர் கை கழுவுவதற்குள் உள்ளே ஒரு பெரிய வேலை தொடங்கிவிடுகிறது.

இரைப்பையிலிருந்து அமிலத்தோடு இறங்கும் உணவு முன்சிறுகுடலைத் தொட்டதும், குடல்சுவர் செக்ரிட்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது கணையத்தை எட்டியதும் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் நீர் சுரக்கிறது. மீனின் புரதமும் குழம்பின் எண்ணெயும் வந்து சேர்ந்தால் கோலிசிஸ்டோகைனின் கிளம்பும். கணையம் செரிமான நொதிகளை அனுப்பும். பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைத் தள்ளும். நூறு கிராம் அளவே உள்ள கணையம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீரைச் சுரக்கிறது என்பது வியப்புதான்.

கணையத்தைச் சுரக்கச் சொல்லும் கட்டளை நரம்பு வழியாகப் போவதாகவே ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கருதினார். 1902-ல் லண்டனில் உடலியல் ஆய்வாளர்கள் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் நாய் ஒன்றின் சிறுகுடலில் ஒரு பகுதியை நரம்புத் தொடர்பே இல்லாமல் பிரித்து, அதில் அமிலத்தை விட்டார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. ரத்தமே செய்தி கொண்டுபோகிறது என்று தெரிந்தது.

இன்சுலின் விஷயத்திலும் குடலின் கை ஓங்கியிருக்கிறது. குளுக்கோஸை ரத்தநாளத்தில் ஏற்றினால் சுரப்பதைவிட, வாய்வழியே குடித்தால் இன்சுலின் இரண்டு மடங்குக்கு மேலும் சுரக்கும். குடல் விடுகிற ஜிஐபி, ஜிஎல்பி-1 ஹார்மோன்கள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தூண்டுவதே காரணம். ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்திலேயே பாதியாகச் சிதைந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பவைதான் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகள். வடசென்னையில் பலர் வீட்டு அலமாரியில் இன்று இவை இருக்கின்றன. 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம்.விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது, இப்படியொரு மருந்து கற்பனையில்கூட இல்லை.

மாத்திரையோடு தட்டையும் கவனிக்கலாம். ஜப்பானில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சோற்றுக்குக் கால்மணி நேரம் முன்பு வேகவைத்த கானாங்கெளுத்தி மீனைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. ஜிஎல்பி-1 கூடியது, இரைப்பை மெதுவாகக் காலியானது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. மீனுக்குப் பஞ்சமில்லாத கடற்கரை நம்முடையது. சர்க்கரை உள்ளவர்கள் மீனையும் காயையும் முதலில் சாப்பிடுங்கள், பிறகு சோற்றுக்கு வாருங்கள். மருந்தின் அளவை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.