ரியாக்டிவ் என்று சீட்டு சொன்னால்

அறுவை சிகிச்சைக்கு முன்போ கர்ப்பகாலத்திலோ எடுத்த ரத்தப் பரிசோதனையின் சீட்டு ஒருவர் கைக்கு வருகிறது. எச்.ஐ.வி. என்ற வரிக்கு எதிரே 'ரியாக்டிவ்', அதாவது தொற்றின் அடையாளம் தென்பட்டது. பரிசோதனைக் கிட் 98 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லும் என்று யாரோ சொல்லக் கேட்டதும், தனக்குத் தொற்று இருக்கவும் அதே அளவு வாய்ப்பு என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். ஒரு குடும்பம் உடைய அந்த ஒரு சொல் போதும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வருகிறது.

இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 சதவீதம். ஒரு லட்சம் பேருக்கு ஒரே ஒரு கிட்டால் பரிசோதனை செய்வதாக வைத்துக்கொள்வோம். தொற்றுள்ள 1,000 பேரில் 995 பேரை அது கண்டுபிடிக்கும். தொற்றில்லாத 100 பேரில் 98 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும். இப்போது கட்டங்களை நிரப்பலாம்.

| | தொற்று உள்ளவர் | இல்லாதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| ரியாக்டிவ் | 199 | 1,996 | 2,195 |
| நான்-ரியாக்டிவ் | 1 | 97,804 | 97,805 |
| மொத்தம் | 200 | 99,800 | 1,00,000 |

கிட்டின் பெருமையைச் சொல்பவர் இந்த அட்டவணையை நெடுக்கே படிக்கிறார்: தொற்றுள்ள 200 பேரில் 199 பேர் பிடிபட்டார்கள். சீட்டைக் கையில் வைத்திருப்பவர் குறுக்கே படிக்க வேண்டும். ரியாக்டிவ் வந்த 2,195 பேரில் உண்மையாகவே தொற்றுள்ளவர்கள் 199 பேர்தான். நூற்றுக்கு 9 பேர். பள்ளிப் புத்தகத்தில் நிபந்தனை நிகழ்தகவு என்று நாம் பயந்து ஒதுக்கிய பாடம் இதுதான். எந்த வரிசையின் மொத்தத்தால் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிட் இன்னும் நன்றாக இருந்து, தொற்றில்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாகச் சொன்னாலும் இந்த 9, 29-ஐத் தாண்டாது. தொற்றில்லாதவர்கள் அத்தனை அதிகம் என்பதால், அவர்களில் சிறு பங்கு தவறினாலும் அது பெருங்கூட்டமாகிவிடுகிறது.

யார் பரிசோதிக்கப்படுகிறார்கள் என்பதும் கணக்கை மாற்றும். 1,000 பேரில் 200 பேருக்குத் தொற்றுள்ள ஒரு குழுவில் அதே கிட்டைப் பயன்படுத்தினால் ரியாக்டிவ் வருவது 215 பேருக்கு. அவர்களில் 199 பேருக்குத் தொற்று உண்மை; நூற்றுக்கு 93 பேர். ஆகவே ரியாக்டிவ் வந்த யாரும் 'பொய்யாகத்தான் இருக்கும்' என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

செய்ய வேண்டியது மறு பரிசோதனை. வெவ்வேறு வகையான மூன்று கிட்களில் பார்த்த பிறகே தொற்றை உறுதிசெய்ய வேண்டும் என்பது நம் நாட்டு வழிமுறை. ஒரு கிட்டின் தவறுக்கும் அடுத்ததன் தவறுக்கும் தொடர்பில்லை என்று கொண்டு, மேலே சொன்ன 2,195 பேரையும் இரண்டாவது கிட்டில் பாருங்கள்: தொற்றுள்ள 198 பேருடன் தொற்றில்லாத 40 பேர் மிஞ்சுவார்கள். மூன்றாவதில் அந்த 40 ஒன்றாகிவிடும். ஒரே சீட்டை வைத்து ஒருவரின் தலையெழுத்தைச் சொல்லும் எந்தப் பரிசோதனைக்கூடமும் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இந்தப் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம்.

அட்டவணையில் தனியாக நிற்கும் அந்த 1-ஐயும் மறக்க வேண்டாம். தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம். மீண்டும் எப்போது வர வேண்டும் என்று ஆலோசகரிடம் கேட்டுவிட்டே எழுந்திருங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, விவரம் சொல்லி உங்கள் சம்மதம் பெறாமல் இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. வேலைக்கோ படிப்புக்கோ சிகிச்சைக்கோ இதை முன்நிபந்தனையாக வைக்க முடியாது. சட்டம் குறிப்பிடும் சில சூழல்கள் தவிர, முடிவை உங்கள் அனுமதியின்றி வெளியே சொல்லவும் கூடாது. வார்டில் கட்டிலுக்கு மேல் எழுதி மாட்டுவது, உறவினர் காதில் போடுவது எல்லாம் இதில் அடக்கம். சிகிச்சை மறுக்கப்பட்டால் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். அவர் 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும்; அவசர மருத்துவம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். வழி தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.

அந்த 199 பேருக்கும் சொல்ல இருக்கிறது. கூட்டு மருந்து சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அது துணைக்குப் பரவாது.