ஜுவான்வில் அணையும் தொண்டைமானாற்றுக் கதவுகளும்

கூசேன்வில்லில் வாழும் எம்மவருக்கு அயலில் உள்ளது குரூ என்னும் சிற்றோடை ஒன்றே. பெரிய ஆற்றைக் காண விரும்புவோர் 'டி' வழி இரயிலில் சாத்தலே சென்று, 'ஆ' வழிக்கு மாறி ஜுவான்வில்லில் இறங்கலாம். லாச்சப்பலிலிருந்து வருவோர் இரண்டாம் இலக்க மெற்றோவில் நசியோன் சென்று அதே வழியைப் பிடிக்கலாம்.

அங்கே மார்ன் நதி சென்-மோர் நகரைச் சுற்றி ஏறத்தாழ 13 கிலோமீற்றர் வளைந்தோடுகிறது. சரக்குப் படகுகள் இவ்வளவு தூரம் சுற்றுவதைத் தவிர்க்க, நெப்போலியன் காலத்தில் 1809இல் குறுக்குவாய்க்கால் ஒன்றைத் தொடங்கி 1825இல் முடித்தனர். அதில் 600 மீற்றர் நிலத்தடிச் சுரங்கம். ஆயினும் வாய்க்கால் வெட்டினாற் போதாது. கோடையில் ஆறு மெலியும்போதும் படகு மிதக்குமளவு நீர் அதன் வாயிலில் நிற்கவேண்டும். அந்த நீரைத் தாங்கிப் பிடிப்பதே ஜுவான்வில் அணைக்கட்டு.

அணையைத் தாண்டி விழும் நீர் பழைய வளைவுக்குள் செல்கிறது. வளைவின் கீழ்ப்பகுதியில், பொன்னெய் துறைமுகம் வரை சரக்குப் படகுகள் இன்றும் வருகின்றன. மேற்பகுதியோ துடுப்புப் படகோட்டிகளுக்கும் தூண்டில்காரருக்கும் மரமடர்ந்த தீவுகளுக்கும் உரியதாயிற்று. வணிகம் கைவிட்ட அப்பகுதியே ஆற்றின் அழகிய பகுதி என்பது என் எண்ணம்.

இத்தகைய அணை வெள்ளத்தைத் தடுக்கும் என்று நம்புவது தவறு. வெள்ளம் பெருகும்போது அணையைத் திறந்து ஆற்றைத் தன்போக்கில் விடுவர். வெள்ளத்தின் ஒரு பகுதியை ஏற்பதும், கோடையில் நீரை விடுப்பதும் 1974இல் மேற்புறத்தில் அமைந்த டேர் நீர்த்தேக்கத்தின் வேலை. ஜுவான்வில்லில் எடுக்கப்படும் மார்ன் நீர் சுத்திகரிக்கப்பட்டுப் பாரிஸ் நகரின் குடிநீரிலும் சேர்கிறது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2025 கோடையில் ஜுவான்வில்லில் கண்காணிப்புடன் நீந்த இடம் திறக்கப்பட்டது. அணையின் அடிவாரம் அவ்விடமன்று. அங்கே விழும் நீர் பின்னோக்கிச் சுருண்டு, அகப்பட்டவரை மீண்டும் மீண்டும் அடியில் இழுக்கும். வல்வெட்டித்துறைக் கடலில் நீந்திப் பழகியவருக்கும் அச்சுழல் புதிது.

நீரைத் தாங்கும் கதவு எமக்குப் புதிதன்று. சோழர் தளபதி கருணாகரத் தொண்டைமான் உப்பேற்றும் கலங்கள் வருவதற்காகத் தொண்டைமானாற்றை வெட்டி ஆழமாக்கினான் என்பது வடமராட்சியின் வாய்வழிச் செய்தி. அதன் முகத்துவாரத்தில் 1950களில் எழுந்த தடுப்பணையின் நோக்கமோ கடலை வெளியே நிறுத்துவது. இரணைமடுவின் மிகுதி நீரை ஆனையிறவு நீரேரி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக்குக் கொணர 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த திட்டத்திலும், அரியாலைத் தடுப்பணையோடு இதுவும் ஒரு தாழ்ப்பாள். முள்ளியான் கால்வாய் முற்றுப்பெறவில்லை. தடுப்பணையின் மரப்பலகைகள் கவனிப்பாரின்றி உக்கிய காலத்தில் உவர்நீர் உட்புகுந்தது. அயற் கிணறுகளும் வயல்களும் அதன் விலையைக் கொடுத்தன.

கோபுரத்துக்கும் தேருக்கும் இங்கிருந்து பணம் திரட்டும் ஊர்ச்சங்கங்கள் இந்தக் கதவுகளின் நிலையையும் இடைக்கிடை விசாரிக்கலாம். மாரி வெள்ளம் மிகும்போது அவற்றைத் திறக்கவேண்டும். கடல் திரும்பி ஏறுமுன் மூடவேண்டும். மூடப் பிந்தினால், அவ்வாண்டு சேர்ந்த நன்னீர் உப்பாகும்.