தீயில் கருகாத திரி

திரிக்கு வேலை இரண்டு. கீழே கிடக்கும் திரவத்தைச் சூடான இடத்துக்கு ஏற்ற வேண்டும். அங்கே ஆவியாகிப் போகும் அளவுக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுனில், குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் எரியும் அகல் விளக்குக்கும் அந்த நகரத்துக் கடைகளில் விற்கும் மின்சிகரெட்டுக்கும் இந்த வேலையில் வேறுபாடு கிடையாது. அகலில் சூடு தருவது சுடர். மின்சிகரெட்டில் மின்கலத்தால் சூடேறும் கம்பிச்சுருள். இரண்டிலும் திரியைக் காப்பது திரவம்தான். எண்ணெய் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. அதனால் பஞ்சு எரியாமல் நிற்கிறது. எண்ணெய் வற்றியதும் சுடர் திரியைத் தின்னத் தொடங்கும்.

மின்சிகரெட்டில் திரவத்தை ஆவியாக்கும் பகுதிக்கு அட்டமைசர் என்று பெயர். பெரும்பாலானவை பயன்படுத்தித் தூக்கி எறியும் வகை. கம்பிச்சுருளையும் திரியையும் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றிக்கொள்ளும் வகையும் உண்டு. எந்தத் திரி நல்லது என்ற கேள்வி எழுவது இந்த இரண்டாவது வகையில்தான். பருத்தி, துருப்பிடிக்காத எஃகு வலை, பீங்கான், சிலிக்கா கயிறு என்று பலவும் சோதித்துப் பார்க்கப்பட்டன. அந்த வரிசையில் வந்ததுதான் குவார்ட்ஸ் இழை.

திரவம் திரியில் ஏறுவதற்குக் காரணம் நுண்புழை ஈர்ப்பு. இழைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சந்துகளின் சுவரைத் திரவம் நனைத்துப் பற்றுகிறது. அதன் பரப்பு இழுவிசை பின்னால் உள்ள திரவத்தை இழுத்து வருகிறது. எட்டும் உயரம் ஒரு சிக்கலே இல்லை. பத்து மைக்ரோமீட்டர் ஆரமுள்ள சந்தில் மின்சிகரெட் திரவம் அரை மீட்டருக்கு மேலும் ஏற முடியும். அட்டமைசருக்கு ஓரிரு சென்டிமீட்டர் போதும். இடறுவது வேகம். 1921இல் எட்வர்ட் வாஷ்பர்ன் வகுத்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: திரவம் எவ்வளவு பாகாக இருக்கிறதோ, அவ்வளவு மெதுவாக ஏறும்.

மின்சிகரெட் திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும்தான். முதலாவது ஏறக்குறைய நல்லெண்ணெய் போல ஓடும். கிளிசரின் தேன்பாகு. பினாங்கின் முப்பது பாகை வெப்பத்தில், மேற்சொன்ன சந்தில் ஒரு சென்டிமீட்டர் ஏறப் புரோப்பிலீன் கிளைகாலுக்குச் சுமார் 20 விநாடி போதும். சுத்தக் கிளிசரினுக்கு மூன்று நிமிடம் வேண்டும். குளிர்நாட்டின் இருபது பாகையில் கிளிசரினின் பாகுத்தன்மை இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பினாங்கின் ஈரக்காற்றிலிருந்து நீரை உறிஞ்சியும் கிளிசரின் சற்று இளகும். அடர்ந்த புகை வேண்டும் என்பதற்காகக் கிளிசரினைக் கூட்டிக் கலந்து, அடுத்தடுத்து இழுத்தால் திரி ஈடுகொடுக்காது. சுருளைச் சுற்றியுள்ள பகுதி வறண்டுவிடும்.

அப்படி வறளும்போதுதான் திரி எதனால் ஆனது என்பது முக்கியமாகிறது. பருத்தி செல்லுலோஸ். இருநூறு பாகையைத் தாண்டியதும் அது சிதைந்து கருகத் தொடங்கும். கோயில் விளக்குக்கும் அட்டமைசருக்கும் ஒரே பஞ்சு பொருந்தாது என்பதும் கவனிக்க வேண்டியது. கச்சாப் பருத்தியின் மேலுள்ள மெழுகு எண்ணெயை விரும்பும். நீரோடு கலக்கும் திரவங்களை எளிதில் ஏற்காது. அதனால்தான் அட்டமைசருக்கு மெழுகு நீக்கிய பஞ்சு தேவைப்படுகிறது.

குவார்ட்ஸ் இழைக்கு இந்தக் கவலைகள் இல்லை. தூய குவார்ட்ஸ் கற்களை உருக்கி, நீட்டி, மயிரைவிட மெல்லிய இழைகளாக்கிக் கயிறாகப் பின்னுகிறார்கள். இதில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கன் டை ஆக்சைடு. சாதாரணச் சிலிக்கா கயிறு அப்படியல்ல: கண்ணாடி இழையை அமிலத்தில் ஊறவைத்து மற்ற ஆக்சைடுகளைக் கரைத்தெடுத்தபின் எஞ்சுவது அது, தூய்மை 96 விழுக்காடு அளவில் நிற்கும். உருக்கிய குவார்ட்ஸ் இளகவே 1,600 பாகைக்கு மேல் வேண்டும். சூட்டில் அது விரிவதும் மிகக் குறைவு. திடீரென்று சுட்டாலும் ஆறினாலும் வெடிக்காது. சிலிக்கான் தகடுகளை உலையில் சுடும் குழாய்களை இதே பொருளால் செய்வதும் இதனால்தான். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சோதித்து உறையிடப்படும் சில்லுகளும் ஒருகாலத்தில் குவார்ட்ஸ் குழாயின் உள்ளே கிடந்தவையே.

ஆகவே குவார்ட்ஸ் திரியில் கரி படிந்தால் புதிதாக மாற்ற வேண்டியதில்லை. சுருளை உலர்வாகச் சுட்டுக் கரியை எரித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் பெரிய சிறப்பு. குறை, திரவத்தைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. பருத்தி இழை தன் உட்குழியிலும் திரவத்தை வாங்கும். குவார்ட்ஸ் இழை திடமானது, சந்துகளில் மட்டுமே வைத்துக்கொள்ளும். கயிறு இறுகினால் சந்து சுருங்கும். தளர்ந்தால் திரவம் ஒழுகும்.

நுரையீரல் பற்றிய அச்சம் தனியே பேசப்பட வேண்டியது. கல்லுடைக்கும் இடங்களில் சிலிக்கோசிஸ் தருவது படிகச் சிலிக்கா. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களில் சேர்த்தது. உருக்கிய குவார்ட்ஸ் பெயரில் குவார்ட்ஸாக இருந்தாலும் அமைப்பில் கண்ணாடி. அதில் படிக அடுக்கு இல்லை. ஆயிரம் பாகைக்கு மேல் நெடுநேரம் சுட்டால் அது மெல்லப் படிகமாக மாறி நொறுங்கக்கூடும். அடிக்கடி உலர்வாகச் சுடுவதும், கயிற்றைக் கத்தரித்து நுனி பிரியவிடுவதும் நல்ல பழக்கமல்ல. 2013இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ரிவர்சைடு வளாகத்தில் மோனிக் வில்லியம்ஸும் புரூ டால்பட்டும் உடன் ஆய்ந்தோரும், கண்ணாடி இழைத் திரி கொண்ட மின்சிகரெட்டின் ஆவியில் தகரம், இரும்பு, நிக்கல் துகள்களோடு சிலிக்கேட் மணிகளையும் கண்டார்கள். இழையும் கம்பியும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவதில்லை என்பதற்கு அது சான்று.

ஆயினும் திரியைவிடப் பெரிய கேடு திரவத்தில்தான் இருக்கிறது. குவார்ட்ஸ் ஆயிரம் பாகையைத் தாங்கும், கிளிசரின் தாங்காது. அதன் கொதிநிலை 290 பாகை. வறண்ட சுருளில் அது சிதைந்து அக்ரோலினையும் ஃபார்மால்டிஹைடையும் தரும். 2015இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தார், குறைந்த மின்னழுத்தத்தில் காணாத ஃபார்மால்டிஹைடுச் சேர்மங்களை 5 வோல்ட்டில் கண்டதாக எழுதினார்கள். அவ்வளவு சூட்டில் வரும் காறலை எவரும் தொடர்ந்து இழுக்க மாட்டார்கள் என்று மறுப்பு எழுந்தது. அந்தக் காறலில் ஒரு பங்கு கருகும் பஞ்சுடையது என்பதை இங்கே நினைக்க வேண்டும். பஞ்சு தன்னைக் கொடுத்து எச்சரிக்கிறது. குவார்ட்ஸ் திரியில் அக்ரோலினின் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். அது தெரியும்போது சிதைவு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். கருகாத திரி என்பதற்குத் தூய ஆவி என்று பொருள் கொள்வது தவறு.

மலேசியச் சட்டம் நிகோட்டின் கலந்த மின்சிகரெட் திரவத்தை நெடுங்காலம் இரண்டும் கெட்டானாக வைத்திருந்தது. 2023 மார்ச் 31 அன்று, 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து திரவ நிகோட்டின் நீக்கப்பட்டது. பதினெட்டு வயது நிறையாதோருக்கு விற்பதைத் தடுக்கும் 852ஆம் சட்டம் நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1 அன்றுதான். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு, சிறுவர் கைக்கு எட்டும்படி அந்தத் திரவம் கடையில் கிடந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மின்சிகரெட்டை முற்றாகத் தடை செய்யும்படி பலமுறை கேட்டிருக்கிறது. அந்த ஒன்றரை ஆண்டை நினைத்தால் அந்தக் கோரிக்கையின் நியாயம் புரியும்.

திரியை மாற்றிக் கோக்கும் வகையில் கை திரவத்தில் படாமல் இருப்பது அரிது. நிகோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும். வாந்தி, தலைச்சுற்றல், படபடப்பு முதல் அறிகுறிகள். கையுறை அணிந்து திரி மாற்றுவதும், நனைந்த பழைய திரியைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் மூடிப் போடுவதும் தேவை. குழந்தை திரவத்தை விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். நச்சுப்பொருள் பற்றி மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் வழிகாட்டும் தேசிய நச்சு மையம், 1994 முதல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இயங்கி வருகிறது.