இடுக்குத் தோலில் எரிச்சல்

அக்குள், மார்பின் அடிமடிப்பு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பைச் சுற்றிய இடம், கைக்குழந்தையின் கழுத்து மடிப்பு ஆகிய இடங்களில் தோலும் தோலும் ஒட்டிக்கொண்டிருக்கும், காற்று புகாது. வியர்வை ஆவியாக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. ஊறிப்போன தோல் நடக்கும்போது ஒன்றோடொன்று உரசி மேல்தோல் வழண்டுவிடுகிறது. முதலில் லேசான சிவப்பு, அடுத்து எரிச்சல், கடைசியில் குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே சுள்ளென்று வலி. பைக்கின் ரெக்சின் சீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து உணவு கொண்டுபோகிறவருக்கும், அடுப்படி வெக்கையில் நிற்பவருக்கும், உடல் பருத்தவருக்கும் சித்திரை, வைகாசியில் இது வராமல் போனால்தான் ஆச்சரியம்.

இந்த இடங்களின் தோல் மெல்லியது. பூசுவதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை உடலின் பல பகுதிகளில் தடவிப் பார்த்த ஆய்வு ஒன்று 1967இல் வெளியானது. முன்கையைவிட விதைப்பைத் தோல் அதைச் சுமார் 42 மடங்கு உறிஞ்சுவதாக அதில் தெரியவந்தது. கையில் தடவி ஒன்றும் ஆகவில்லை என்பதால் கவட்டிலும் தடவலாம் என்ற கணக்கு இதனால்தான் தப்பாகிறது.

எரிச்சல் தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை எதையும் பூசாமல் அந்த இடத்தை உலர வைப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழகிய பருத்தித் துண்டால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு தளர்ந்த வேட்டியிலோ நைட்டியிலோ ஐந்து பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றுப் படவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். எரிச்சல் அதிகமாக இருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரில் மெல்லிய வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து 10 முதல் 15 நிமிடம் அந்த இடத்தில் போட்டு வைக்கலாம். நாளுக்கு மூன்று நான்கு முறை இப்படிச் செய்து ஒவ்வொரு முறையும் நன்றாக உலர்த்த வேண்டும். ஐஸ் கட்டியை நேரடியாக வைப்பது மெல்லிய தோலுக்கு ஆகாது.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்புத் தன்மை கொண்டது. பிஎச் அளவில் சுமார் 5. சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9, 10 வரை போகும். அதனால் புண்ணான இடத்துக்கு நாலைந்து நாள் சோப்பே வேண்டாம். நலங்கு மாவும் பயத்தமாவும் நல்லவைதான், ஆனால் அவற்றின் நறநறப்பு வழண்ட தோலை இன்னும் கீறிவிடும்.

தேங்காய் எண்ணெய்க்கு இதில் இடம் உண்டு, ஆனால் நேரம் பார்த்துத்தான். வெகுதூரம் நடக்கப் போகுமுன், தோல் நன்றாக இருக்கும்போதே, தொடையின் உட்புறம் மெலிதாகத் தடவினால் உரசல் குறையும். வாசலைனும் அதே வேலையைச் செய்யும். நீர் கசியும் புண்ணில் எண்ணெயைக் குழைத்துப் பூசினாலோ ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். அங்கே துத்தநாக ஆக்சைடு களிம்பு மேல். குழந்தைகளின் டயப்பர் புண்ணுக்குக் கொடுப்பதும் அதையே. முகப்பவுடரை அள்ளிக் கொட்டுவது பழைய வழக்கம். வியர்வையில் நனைந்து அது கட்டி தட்டினால் மணலைப் போல அறுக்கும். குழந்தைகளின் மூச்சில் பவுடர் தூசி போவது தனி ஆபத்து.

எலுமிச்சைச் சாறு, பூண்டு விழுது, வினிகர், சமையல் சோடா, பற்பசை, தண்ணீர் கலக்காத கிருமிநாசினி ஆகியவற்றைக் கை வைத்தியம் என்ற பெயரில் பரிந்துரைக்காத ஆளில்லை. பூண்டு தோலை வெந்த புண்ணாக்கிவிடும். எரிந்தால்தான் கிருமி சாகும் என்பது வெறும் நம்பிக்கை. எரிச்சல் தோல் சேதமாவதன் அடையாளம். மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

வராமல் தடுப்பதில் பெரும்பங்கு துணிக் கொடிக்கு உண்டு. பல வீடுகளில் உள்ளாடையைக் கொடியில் தனியாகக் காயப்போட மாட்டார்கள். துண்டுக்கு அடியிலோ குளியலறை மூலையிலோ ஒளித்துத்தான் போடுவார்கள். வெயில் படாமல் அரைகுறையாகக் காய்ந்ததை மறுநாள் உடுத்தினால் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தே உடம்புக்கு வரும். வெயிலில் காய்ந்த, இறுக்காத பருத்தி உள்ளாடை போதும். அரைஞாண் கயிறும் இப்படித்தான்: குளித்தபின் அதை யாரும் உலர்த்துவதில்லை. இடுப்பில் படர்தாமரை வந்தவர்களிடம் தோல் மருத்துவர்கள் முதலில் கழற்றச் சொல்வது அதைத்தான். உள்பாவாடை நாடாவை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் இடுப்புத் தோல் கறுத்துத் தடித்துப் புண்ணாகும். அகலமான பட்டை வைத்துத் தைத்தால் அந்த அழுத்தம் பரவிவிடும்.

பெண்களின் பிறப்புறுப்பின் வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீரே போதும். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கென்று விற்கும் வாசனைக் கழுவிகள் அங்கிருக்கும் நல்ல நுண்ணுயிரிகளைத்தான் கெடுக்கின்றன. மாதவிலக்கு நாட்களில் நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் உரசல் புண் பெரும்பாலும் வராது. முடியை மழிப்பதால் பொரிப்பொரியாகத் தடித்தால் கத்தரியால் குட்டையாக வெட்டி விடலாம். மழித்தே ஆக வேண்டுமானால் முடி வளரும் திசையிலேயே, புது பிளேடால்.

இவ்வளவும் வெறும் உரசல் எரிச்சலுக்குத்தான். விளிம்பு தடித்து, நடுவில் தெளிந்து, வட்டமாகப் படர்ந்து அரித்தால் அது படர்தாமரை. சில ஊர்களில் வண்டுகடி என்பார்கள். பச்சைப் புண்போலச் சிவந்து சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெறித்திருந்தால் கேண்டிடா என்னும் பூஞ்சையாக இருக்கலாம். இவை கை வைத்தியத்தில் அடங்குவதில்லை. மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் அரிப்புக்கு ஒரு டியூப் என்று கேட்டு வாங்குவதில்தான் வினை தொடங்குகிறது. கிடைப்பது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது; நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகப் படரும். மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம்போல் மெலிந்து தொடையில் வரிவரியாகத் தழும்பு விழும், அது மறைவதில்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுமருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. வழக்கமான டெர்பினாபின் மருந்துக்கு எளிதில் மசியாத ஒரு பூஞ்சை நாடெங்கும் பரவியிருக்கிறது. அதற்கு 2020இல் இந்தியாவின் பெயரையே சேர்த்து டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள்.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வெல்வெட் துணி போலக் கறுத்துத் தடிப்பது அழுக்கு அல்ல. நார் வைத்துத் தேய்த்தாலும் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். இடுக்கில் பூஞ்சைப் புண் திரும்பத் திரும்ப வந்தாலும் ஒருமுறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். சீழ், காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, பிறப்புறுப்பில் கொப்புளம் அல்லது புண் இருந்தாலும், ஒரு வாரத்தில் குறையாவிட்டாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் எந்த இடத்தில் புண் என்று சொல்ல வேண்டியதில்லை, தோல் டாக்டரைப் பார்க்கணும் என்றால் போதும்.