பூட்டா, நம்பிக்கையா? கள்ளப் பிரதிகள் மாற்றியமைத்த கணினி விளையாட்டு வணிகம்



பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் கணினி விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுவது இயல்பு. "நண்பன் காப்பி எடுத்துத் தந்தான்" என்று ஒரு பிள்ளை சொல்லும். "இது இலவசம்தானே அப்பா" என்று இன்னொரு பிள்ளை சொல்லும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பேச்சுகள் போலத் தோன்றலாம். ஆனால் முதல் பேச்சுதான் இரண்டாவதற்கு வழிவகுத்தது. அது எப்படி நிகழ்ந்தது என்பதைப் பெற்றோராகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

கடையிலிருந்து ஒரு புத்தகம் திருடப்பட்டால் அலமாரியில் அந்த இடம் காலியாகிவிடும். கணினி விளையாட்டைப் படியெடுத்தாலோ மூலப் பிரதி இருந்த இடத்திலேயே இருக்கும்; எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ஆகவேதான் பிறர் பணப்பையைத் தொடவும் அஞ்சும் நல்ல மனிதர்கள்கூட இதைக் களவாக எண்ணுவதில்லை. ஆனால் ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க ஓவியர்கள், இசைக் கலைஞர்கள், கதாசிரியர்கள், பொறியாளர்கள் எனப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். அவர்களது கூலி ஒவ்வொரு பிரதியின் விலையிலும் சிறு துளியாகக் கலந்திருக்கிறது. உழைத்தவருக்கு உரியதைச் சேரவிடாமல் செய்வதும் ஏழாம் கட்டளைக்கு எதிரானதே என்பதை மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் கற்றிருக்கிறோம்.

கள்ளப் பிரதிகளை எதிர்கொள்ள விற்பவர்கள் மூன்று வழிகளைத் தேர்ந்தனர். பொருளைப் பூட்டி வைப்பது, வாங்குபவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது, விலையையே எடுத்துவிடுவது என்பவையே அவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: பூட்டு

1980-களில் பூட்டு எளிமையாக இருந்தது. விளையாட்டைத் தொடங்கியதும், உடன் வரும் கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில் உள்ள ஒரு சொல்லைக் கணினி கேட்கும். கையேடு இல்லாதவர் விளையாட முடியாது. ஜெராக்ஸ் எந்திரம் இந்தப் பூட்டை எளிதில் உடைத்துவிட்டது. பின்னர், அசல் குறுந்தகடு கணினியில் இருந்தால்தான் இயங்கும் என்ற ஏற்பாடு வந்தது. அதையும் உடைத்தார்கள்.

பூட்டுகள் பெரிதாகப் பெரிதாக, அவற்றின் சுமை பணம் கொடுத்தவர் தலையில் விழுந்தது. 2008-ஆம் ஆண்டு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஸ்போர்' என்ற விளையாட்டை வெளியிட்டபோது, வாங்கியவர் அதை மூன்று முறை மட்டுமே தம் கணினிகளில் பதிந்து இயக்க அனுமதி பெறலாம் என்று விதித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழவே, பின்னர் அது ஐந்தாக உயர்த்தப்பட்டது. இவ்வளவு காவல் இருந்தும், அவ்வாண்டில் இணையத்தில் மிக அதிகமாகத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கம் செய்யப்பட்ட கணினி விளையாட்டு அதுதான் என்ற கணிப்பு வெளியானது.

2010-ஆம் ஆண்டு யூபிசாஃப்ட் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தனியாக ஒருவர் விளையாடும் விளையாட்டுக்கும் இணைய இணைப்பு இடைவிடாமல் இருக்க வேண்டும் என்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அந்நிறுவனத்தின் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளானபோது, பணம் கொடுத்து வாங்கியவர்கள் விளையாட முடியாமல் தவித்தனர். 2012-இல் அந்நிறுவனம் அந்த விதியைக் கைவிட்டதாக அறிவித்தது.

ஒன்றை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விளையாட்டுகள் பெரும்பாலும் வெளியான முதல் சில வாரங்களில்தான் அதிகம் விற்கின்றன. அந்தச் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும் பூட்டும் விற்பவருக்குப் பயன்தான். 2014 முதல் புழக்கத்தில் உள்ள 'டெனுவோ' போன்ற பூட்டுகளைப் பல நிறுவனங்கள் இன்றும் வாங்குவதற்கு இதுவே காரணம். எனினும், பூட்டை அறுத்தெறிந்த கள்ளப் பிரதியை வைத்திருப்பவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. நேர்மையாக வாங்கியவரே ஒவ்வொரு நாளும் 'நான் திருடன் அல்ல' என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இது பெரும் முரண்பாடு அல்லவா?

இரண்டாம் வழி: கூடுதலாகக் கொடுப்பது

இனி போலந்து நாட்டிற்குச் செல்வோம். புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களின் தாயகமான அந்நாட்டில், கம்யூனிச ஆட்சி 1989-இல் முடிவுக்கு வந்தது. கணினி நிரல்களுக்குத் தெளிவான பாதுகாப்புத் தரும் காப்புரிமைச் சட்டமோ 1994-இல்தான் வந்தது. அதுவரை வார்சா நகரின் வார இறுதிச் சந்தைகளில் படியெடுத்த விளையாட்டுகள் காய்கறி போல வெளிப்படையாக விற்கப்பட்டன. வாங்கியவர்களுக்கு அதில் குற்ற உணர்வு எழவில்லை. அசல் என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததே அரிது.

அந்தச் சந்தைகளை நேரில் அறிந்த மார்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிச்சின்ஸ்கி என்ற இரு பள்ளித் தோழர்கள் 1994-இல் 'சிடி ப்ராஜெக்ட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். கனடா நாட்டில் உருவான 'பால்டர்ஸ் கேட்' என்ற விளையாட்டின் போலிஷ் மொழிப் பதிப்பை 1999-இல் வெளியிட முன்வந்தபோது, அவர்கள் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டனர்: சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது, மக்கள் ஏன் நம்மிடம் வாங்க வேண்டும்?

அவர்கள் பூட்டைத் தேடவில்லை. புகழ்பெற்ற போலந்து நடிகர்களை அழைத்து, கதைமாந்தரைத் தாய்மொழியில் பேசவைத்தனர். ஐந்து குறுந்தகடுகளுடன் பழைய தோல்சுவடி போன்ற வரைபடம், விதிநூல், இசைத்தகடு ஆகியவற்றையும் ஒரு பெரிய பெட்டியில் வைத்துக் கொடுத்தனர். கள்ளச் சந்தைக்காரர் தகடுகளைப் படியெடுக்கலாம். அந்தப் பெட்டியைப் படியெடுக்க முடியாது. முதல் நாளிலேயே 18,000 பிரதிகள் விற்றன. சந்தையில் வாங்கிப் பழகிய அதே மக்கள், தங்களை மதித்தவர்களிடம் விலை கொடுத்து வாங்கினார்கள்.

பின்னர் இந்நிறுவனம் 'தி விட்சர்' என்ற சொந்த விளையாட்டை 2007-இல் வெளியிட்டது. 2008-இல் பூட்டு எதுவுமின்றிப் பழைய விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை ஒன்றையும் திறந்தது. ஆயினும் அந்தப் பாதை எப்போதும் நேராக இருக்கவில்லை. 2011-இல் இரண்டாம் 'விட்சர்' வெளியானபோது, அது 45 இலட்சம் முறை திருடப்பட்டிருக்கலாம் என்று இவின்ஸ்கி மதிப்பிட்டார். (திருடிய ஒவ்வொருவரும் இல்லாவிட்டால் வாங்கியிருப்பார் என்று கொள்ள முடியாது என்பதும் உண்மையே.) ஜெர்மனியில் கள்ளப் பிரதி எடுத்ததாக ஐயுற்றவர்களிடம் பணம் கோரி, நிறுவனத்தின் சார்பில் வழக்கறிஞர் கடிதங்களும் அனுப்பப்பட்டன. தவறு செய்யாதவருக்கும் கடிதம் போகக்கூடும் என்ற எதிர்ப்பு எழுந்ததும், 2012 ஜனவரியில் அந்நடவடிக்கையை அவர்கள் நிறுத்தினர். 2015-இல் மூன்றாம் 'விட்சர்' கணினிக்குப் பூட்டு ஏதுமின்றியே வந்தது. கணினியிலும் மற்ற விளையாட்டுச் சாதனங்களிலுமாக அது 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய 'ஸ்டீம்' கடையும் இதே வழியில் வந்ததுதான். கள்ளப் பிரதிக்கு முதன்மையான காரணம் விலை அல்ல, சேவைக் குறைபாடே என்பது அதன் தலைவர் கேப் நியூவெல் 2011-இல் முன்வைத்த கருத்து. ரஷ்யாவை அவர் எடுத்துக்காட்டினார். அங்கே கள்ளப் பிரதிக்காரர்கள் ரஷ்ய மொழியாக்கத்தை உடனுக்குடன் கொடுத்தனர். நிறுவனங்களோ மாதக்கணக்கில் காக்கவைத்தன. எளிதில் பதிவிறக்கம் செய்யும் வசதி, தானாக வரும் திருத்தங்கள், விழாக்கால விலைக்குறைப்பு ஆகியவற்றால் ஸ்டீம் கள்ளப் பிரதியைவிட எளிதான வழியாயிற்று. ஆனால் இதிலும் ஒரு முடிச்சு உண்டு. அங்கே நாம் பெறுவது பொருள் அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. இத்தகைய விற்பனைகளில் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றியது.

மூன்றாம் வழி: இலவசம்

1990-களின் இறுதியில் தென் கொரியாவில் பெட்டியில் அடைத்து விற்ற விளையாட்டுகளைக் கள்ளப் பிரதிகள் நலிவடையச் செய்தன. அதே நேரத்தில் அதிவேக இணையமும், 'பிசி பாங்' எனப்படும் கணினி நிலையங்களும் நாடெங்கும் பரவின. விளையாட்டு நிறுவனங்கள் இணையத்திற்கு மாறின. விளையாட்டின் உயிர் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், கணினியில் உள்ள பகுதியை எத்தனை முறை படியெடுத்தாலும் பயனில்லை. திருட்டுக்கு இடமே இல்லாமற் போயிற்று.

ஆனால் கட்டணம் கேட்டதும் மக்கள் விலகினர். நெக்சான் என்ற நிறுவனம் 'குவிஸ்குவிஸ்' என்ற தன் விளையாட்டில் இதைக் கண்டு, 2001-இல் கட்டணத்தை நீக்கிவிட்டு, விளையாட்டுக்குள் இருக்கும் உடைகளையும் பொருட்களையும் விற்கத் தொடங்கியது. 2003-இல் வந்த அதன் 'மேப்பிள் ஸ்டோரி' பெரும் புகழ் பெற்றது. 2006-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமே தன் கால்பந்து விளையாட்டை இவ்வழியில் கொரியாவில் வழங்கியது. இன்று உலகெங்கும் பரவியுள்ள 'இலவச' விளையாட்டுகளின் முன்னோடிகள் இவையே.

இலவசம் என்றால் யார் பணம் கொடுக்கிறார்கள்? பெரும்பாலோர் எதுவும் கொடுப்பதில்லை; சிலர் மிக அதிகமாகக் கொடுக்கின்றனர். ஆகவே அந்தச் சிலரை மீண்டும் மீண்டும் செலவழிக்கத் தூண்டும் வகையில் விளையாட்டையே வடிவமைக்கும் சோதனை எழுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் 'அதிர்ஷ்டப் பெட்டி'கள் இப்படித்தான் வந்தன. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக முடிவு செய்தது. 2024 ஜனவரியில் கொரிய வணிக ஆணையம், மேப்பிள் ஸ்டோரியில் உயர்ந்த பலன் கிடைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிட்டு அதைப் பயனாளர்களுக்குச் சொல்லாமல் மறைத்ததற்காக, நெக்சானுக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. அவ்வாண்டு மார்ச் முதல், வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவது அந்நாட்டில் சட்டப்படி கட்டாயமாயிற்று.

பாருங்கள், அன்பர்களே! திருடுபவரிடமிருந்து தன்னைக் காக்கப் புறப்பட்ட வணிகம், வாங்குபவரை ஏமாற்றும் இடத்தில் வந்து நின்றது. நம்பிக்கை ஒருபுறம் உடைந்தால், அது மறுபுறமும் உடைகிறது. கள்ளப் பிரதி எடுத்தவர் விலை கொடுக்காமல் தப்பினார். அந்த விலையை இன்று எங்கோ ஓர் இல்லத்தில், பெற்றோரின் வங்கி அட்டையைக் கையில் வைத்திருக்கும் சிறுவன் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

பிள்ளை விரும்பும் விளையாட்டை உடன் அமர்ந்து பார்ப்போம். படியெடுத்தது என்றால், அதற்காக உழைத்தவர்களைப் பற்றி அமைதியாக எடுத்துச் சொல்வோம்; விலைக்குறைப்புக் காலம் வரை காத்திருந்து வாங்கித் தருவோம். காத்திருப்பதும் ஒரு நல்ல பழக்கம்தான். இலவசம் என்றால், 'இதை நடத்துபவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?' என்று பிள்ளையையே கேட்போம். அட்டையின் விவரங்களை விளையாட்டில் சேமித்து வைக்காமல் பார்த்துக்கொள்வோம். அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டத்தைப் போலவே எண்ணி விலக்குவோம்.

வார்சாவின் சந்தை நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. மதிப்போடு நடத்தப்பட்டபோது, களவுக்குப் பழகிப்போனவர்களும் நேர்மைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளை வளர்ப்பதிலும் இதே உண்மை உண்டு. பூட்டு தேவைப்படும் நேரங்கள் இருக்கும். ஆனால் பூட்டு இல்லாதபோதும் நேர்மையாக நடக்கும் மனத்தை நாம் அவர்களோடு பேசிப் பேசித்தான் உருவாக்க முடியும்.