விழுங்கினாலும் விதைப்பு, துப்பினாலும் விதைப்பு

தாய்மரத்தின் அடியிலேயே விழும் விதைக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. அந்த மரத்தையே குறிவைக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் அங்கேதான் குவிந்திருக்கும். சூழலியலாளர்களான டேனியல் ஜான்சன் 1970இலும் ஜோசப் கானெல் 1971இலும் தனித்தனியே முன்வைத்த விளக்கம் இது. விதை வெளியூர் போயாக வேண்டும். அதற்கு மரம் தரும் கூலிதான் பழம்.

அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் சிலந்திக் குரங்குக்குக் கொட்டையைத் துப்பும் பொறுமை கிடையாது. பெரும்பாலும் அப்படியே விழுங்கிவிடும். சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நூறு மீட்டருக்கும் அப்பால், விதைகள் எச்சத்தோடு முழுசாக வெளியே வரும். கதை அதோடு முடிவதில்லை. வாசனை பிடித்து விதைகளைத் தின்ன எலிகள் வந்துவிடும். அதற்குள் சாண வண்டுகள் முந்திக்கொண்டால் விதைக்கு யோகம். தம் புழுக்களுக்காக அவை எச்சத்தைப் புதைக்கும்போது விதைகளும் கூடவே மண்ணுக்குள் போகின்றன. இத்தனைக்கும் வண்டுக்கு விதையால் சல்லிக்காசு பயனில்லை! மிக ஆழத்தில் புதைந்தால் மட்டும் முளை மேலே வராது.

ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகள் பலவற்றுக்குக் கன்னப்பை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கும் பழத்தை அதில் அடக்கிக்கொண்டு நகர்ந்து, பிறகு சாவகாசமாகக் கொட்டையைத் துப்பும். தூரம் குறைவுதான். ஆனால், உகாண்டாவின் கிபாலே காட்டில் குரங்குகள் சதை நீக்கித் துப்பிய எட்டி இன விதைகளைப் பூஞ்சை அவ்வளவாக அண்டவில்லை.